லண்டன் பாண்ட் ஸ்ட்ரீட்டில் நிமிர்ந்து பார்த்து நடப்பது எப்படி?

லண்டனின் மேஃபேர் பகுதியில், பிக்காடிலியில் தொடங்கி ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் முடியும் பாண்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்களில் பலர் நகைக்கடைக் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சுமார் அரை மைல் நீளமே உள்ள அந்தத் தெருவில்தான் எது கலை, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற சண்டை தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் கடைகள் திறப்பதற்கு முன்பே, காலையில் சென்றுவிடுங்கள்.

பாண்ட் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் தெருவின் வடமுனையில் உள்ளது. நீங்கள் கிரீன் பார்க் நிலையத்தில் இறங்கித் தெற்கிலிருந்து நடப்பதே நல்லது. தெருப்பலகைகளில் வெறும் 'பாண்ட் ஸ்ட்ரீட்' என்ற பெயர் இருக்காது. தெற்கே 1680களில் எழுந்த பகுதி ஓல்டு பாண்ட் ஸ்ட்ரீட், அதன் வடக்கே அடுத்த நூற்றாண்டில் நீண்ட பகுதி நியூ பாண்ட் ஸ்ட்ரீட். நியூ பாண்ட் ஸ்ட்ரீட்டின் கதவெண்கள் ஒற்றை, இரட்டை என்று எதிரெதிரே வருவதில்லை. கிழக்குப் பக்கமாக வடக்கே ஏறி, மேற்குப் பக்கமாகத் தெற்கே இறங்குகின்றன. இது தெரியாமல், நாம் பார்க்கப்போகும் 34-ஐயும் 135-ஐயும் தேடினால் காலை முழுவதும் வீணாகிவிடும்.

ஓல்டு பாண்ட் ஸ்ட்ரீட்டில் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது ஒரு திருட்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்த டெவன்ஷர் சீமாட்டி ஜார்ஜியானாவின் ஓவியத்தை 1876-இல் 10,100 கினிக்கு (கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகமான பழைய ஆங்கிலப் பணமதிப்பு) ஏலம் எடுத்த ஓவிய வணிகர் ஆக்னியூ, அதை இத்தெருவிலிருந்த தம் காட்சிக்கூடத்தில் மாட்டினார். மே மாதத்தில் ஓரிரவு ஆடம் வொர்த் என்ற திருடன் உள்ளே புகுந்து துணியைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்துச் சென்றான். 25 ஆண்டுகள் கழித்து, 1901-இல்தான் அது மீண்டு வந்தது.

இரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் பெஞ்சில் அமர்ந்திருக்கும் 1995-ஆம் ஆண்டு வெண்கலச் சிலையைக் காண்பீர்கள். அங்கே படம் எடுத்துக்கொள்பவர்கள் பலரும் சற்று வடக்கே, புரூட்டன் ஸ்ட்ரீட் முனையில் தலைக்கு மேலே இருப்பதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 153-ஆம் எண் கட்டடத்தின் மொட்டைமாடிச் சுவரில் சிற்பி ஹென்றி மூர் 1952-53-இல் போர்ட்லாண்டு என்ற வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய நான்கு வடிவங்கள் உள்ளன. எதிர் நடைபாதையில் நின்று பாருங்கள்: கற்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளில் வானம் தெரியும். அவை சுழலும்படி இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தெரு வேறொரு முகத்தைக் காண வேண்டும் என்று மூர் விரும்பினார். கனத்த கல் தெருவில் விழுந்துவிடும் என்ற அச்சத்தால் அது மறுக்கப்பட்டது. பின்பக்கமும் முழுமையாகச் செதுக்கப்பட்ட அக்கற்கள் இன்றும் ஒரே முகத்தையே தெருவுக்குக் காட்டி நிற்கின்றன.

எதிர்ப்பக்கத்தில், 34-35 எண்களில் சோத்பிஸ் ஏல நிறுவனம். வாசலுக்கு மேலே இருக்கும் கருங்கல் சிங்கமுகம் எகிப்தியத் தெய்வம் செக்மெட்டுடையது, கி.மு. 1320 அளவிலானது. ஏலத்துக்கு முந்தைய காட்சிகளுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லாததால் தயங்காமல் உள்ளே செல்லுங்கள். அந்நிறுவனம் 1917-இல் இங்கு வருவதற்கு முன், 35-ஆம் எண்ணில் டோரே காட்சிக்கூடம் இருந்தது. 1914 ஜூனில் பழமையை உதறி இயந்திர யுகத்தைப் போற்றிய 'எதிர்காலவாத'க் கலை இயக்கத்தின் இத்தாலியத் தலைவர் மாரினெட்டியும் ஆங்கில ஓவியர் நெவின்சனும் ஆங்கிலக் கலை எப்படி இருக்க வேண்டும் என்ற தம் அறிக்கையை அங்கே வாசித்தபோது, தம்மைக் கேட்காமலே தம் பெயர்களை அதில் சேர்த்துவிட்டதாகச் சினந்த ஆங்கில ஓவியர் விண்டம் லூயிஸும் நண்பர்களும் கூட்டத்தில் புகுந்து கூச்சலிட்டார்கள்.

நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிட்டாவது மேற்குப் பக்கத்தில் 135-137 எண்ணுக்கு முன் நில்லுங்கள். 1877-இல் கூட்ஸ் லிண்ட்சே இங்கே குரோவ்னர் காட்சிக்கூடத்தைத் திறந்தார். முதல் காட்சியில் ஓவியர் விஸ்லர் வைத்த, இரவு வானில் வாணவேடிக்கைப் பொறிகள் உதிரும் ஓவியத்தின் விலை 200 கினி. வண்ணக் குடுவையை மக்கள் முகத்தில் வீசியெறிந்ததற்கு இவ்வளவு பணமா என்று விமர்சகர் ரஸ்கின் எழுத, விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் உழைப்புக்கா இந்த விலை என்று நீதிமன்றத்தில் கேட்கப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவுக்கு என்று அவர் விடையளித்தார். 1878 நவம்பரில் வழக்கில் வென்றவருக்குக் கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. செலவைத் தாங்க முடியாமல் அடுத்த ஆண்டே அவர் திவாலானார். ரஸ்கினின் எழுத்துகளை மதிப்பவன் நான். ஆனாலும் இந்த ஓவியத்தின் முன் அவருடைய கண் தவறிவிட்டது என்றே சொல்வேன். அசல் இப்போது டெட்ராய்ட்டில் இருப்பதால், கைபேசியில் அதன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்று பாருங்கள்.

அங்கிருந்து உடனே நகர்ந்துவிடாதீர்கள். கூடத்துக்கு விளக்கேற்ற லிண்ட்சே அமைத்த மின் இயந்திரங்களே பின்னர் சுற்றுப்புறத்துக்கும் மின்சாரம் வழங்கின. இதே கட்டடம் ஏயோலியன் ஹால் என்ற இசை அரங்கமாக மாறிய பின், 1923 ஜூன் 12 அன்று திரைக்குப் பின்னால் அமர்ந்த ஈடித் சிட்வெல் ஒலிபெருக்கிக் குழல் வழியே தம் கவிதைகளைச் சொல்ல, இளைஞர் வில்லியம் வால்டனின் இசை அதனுடன் ஒலித்தது. மறுநாள் விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.