பையில் ஒரு பேனாக்கத்தி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கல்யாண வீட்டில் வாழைத்தார் கட்டிய கயிற்றை அறுக்க வேண்டும். தாம்பூலப் பை வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டும். "யார்ட்டயாச்சும் கத்தி இருக்கா?" என்று ஒரு குரல் வரும். ஒருவர் சமையல் கட்டுக்கு ஓடுவார். காய் நறுக்கிக்கொண்டிருப்பவர்கள் கத்தியைத் தர மாட்டார்கள். கடைசியில் சாவியால் குத்திக் கிழிப்பார்கள், பல்லால் கடித்து இழுப்பார்கள்.

இந்த மாதிரி வேலைகளுக்கென்றே இருப்பதுதான் பேனாக்கத்தி. மடக்கினால் பைக்குள் அடங்கும், விரித்தால் ஒரு மாம்பழத்தை அழகாகக் கீறலாம். அதை அன்றாடம் வைத்துக்கொள்ளவும், ரசித்துப் பயன்படுத்தவும் விரும்புகிறவர்களுக்கு இந்தச் செய்முறை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும்: நீங்கள் கத்தியை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பதறக்கூடாது. நம் சிவகங்கைச் சீமையில் கத்தி என்றதும் திருப்பாச்சேத்தி அரிவாள் நினைவுக்கு வந்து, கூடவே வெட்டுக்குத்தும் நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த அரிவாளே விவசாயிக்கும் தேங்காய்க்காரருக்கும் சோறு போடும் கருவிதான். ஆனாலும் பார்ப்பவர் மனதில் அந்தப் பயம் இருக்கிறது. அதை மதித்துத்தான் கத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் படி: எந்தக் கத்தி?

அலகு 3 அங்குலத்துக்குள் இருக்கட்டும். அன்றாட வேலையில் முக்கால்வாசிக்கு 2 அங்குலமே போதும். கறுப்புப் பூச்சு, ரம்பப் பல், பொத்தானை அழுத்தினால் சடக்கென்று பாயும் அலகு, இவை எதுவும் வேண்டாம். அப்படிச் சடக்கென்று விரியும் ராம்பூரி மாதிரிக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். மரப்பிடி, கொம்புப்பிடி, எலும்புப்பிடி போட்ட பழைய பாணிக் கத்தியைப் பார்த்தால் யாரும் பயப்படுவதில்லை. "எங்க ஐயாகிட்ட இப்படி ஒண்ணு இருந்துச்சு" என்று பேச்சுத்தான் தொடங்கும்.

பழைய பாணியில் பெரும்பாலானவை, விரித்த அலகு மடங்காமல் தடுக்கும் பூட்டு இல்லாதவை. பிடியின் முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங் ஓடும். அலகு விரிந்திருக்கும்போதும் மடங்கியிருக்கும்போதும் அதை அழுத்திப் பிடித்திருப்பது அந்த ஸ்பிரிங்தான். விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கத்தியும் இந்த வகைதான். 1884இல் கார்ல் எல்சனர் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார், 1897இல் அவருடைய 'அதிகாரிகள் கத்தி' பதிவானது. 91 மில்லிமீட்டர் அளவில் பெரிய அலகு, சின்ன அலகு, டப்பா திறப்பான் இவற்றோடு வருவது தொடக்கத்துக்கு நல்லது. சாவிக்கொத்தில் மாட்டும் 58 மில்லிமீட்டர் கத்தி இன்னும் சாது. அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

இன்னொன்று ஓப்பினல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் பிறந்த கத்தி. பீச் மரப்பிடி, ஒரு அலகு, கழுத்தில் ஓர் உலோக வளையம், அவ்வளவுதான். 1955இல் சேர்ந்த அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். எண்களால்தான் அளவு சொல்வார்கள். 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர், 6ஆம் எண் கொஞ்சம் சிறியது. நம் ஊருக்கு நான் 6ஐச் சொல்வேன். பழம் நறுக்க ஓப்பினலை மிஞ்சியது இல்லை, அலகு அவ்வளவு மெல்லியது.

அப்புறம் எஃகு. கார்பன் எஃகு சீக்கிரம் கூர்மை ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். முதல் கத்தி ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். அரிவாள்மனையைத் தினமும் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ள வீடு என்றால் தயங்காமல் கார்பன் வாங்குங்கள்.

இரண்டாம் படி: திறக்கவும் மூடவும் பழகுதல்

கத்தி வெட்டும் காயங்களில் பல, மூடும்போது வருபவை. திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பழகுங்கள். இடது கையில் பிடியை இரு பக்கவாட்டிலும் பிடியுங்கள். அலகு உள்ளே போகும் பள்ளத்தின் குறுக்கே எந்த விரலும் இருக்கக்கூடாது. வலது கட்டைவிரல் நகத்தை அலகிலுள்ள நகக்குழியில் வைத்து இழுங்கள். மூடும்போது வலது உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளுங்கள். சில கத்திகள் பாதி வழியில், செங்கோணத்தில், ஒரு முறை நின்று போகும். அந்த இடத்தில் விரல்களை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

பூட்டு இல்லாத கத்தியால் குத்தக்கூடாது. முனையில் அழுத்தம் விழுந்தால் அலகு உங்கள் விரல்மேலேயே மடங்கும். இழுத்து அறுக்கும் வேலைக்கு மட்டும்தான் அது. அறுப்பதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. மாம்பழத்தைக் கையில் வைத்துக் கட்டைவிரலை நோக்கித் தோல் சீவும் அப்பத்தாக்களின் கைப்பழக்கம் அழகுதான், அது பல வருடம் பழகிய கை. நீங்கள் தட்டில் வைத்து நறுக்குங்கள்.

ஒருவர் கேட்டால் எப்படித் தருவது? நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். சண்டை வரும் என்பார்கள். அந்த நம்பிக்கை உங்களுக்கு இல்லாவிட்டாலும் வழக்கத்தை அப்படியே பின்பற்றுங்கள், இரண்டு கை ஒரே நேரத்தில் ஒரு கூர்மையைத் தொடாமல் இருப்பது பாதுகாப்பு. மடக்கி வையுங்கள். வாங்குபவருக்குத் திறக்கத் தெரியுமா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: எங்கே வைப்பது?

பேன்ட் என்றால் முன்பை. சில்லறையும் சாவியும் இல்லாத பக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் பிடி கீறிப்போகும், மூட்டில் தூசி சேரும். பின்பையில் வைத்து உட்காராதீர்கள். வேட்டி கட்டுபவர்கள் மடியில் செருகினால் நழுவும். பச்சை பெல்ட்டின் பையோ, உள்ளே போடும் பட்டாபட்டி டவுசரின் பையோ சரியான இடம். ஆச்சிமார் வெற்றிலை பாக்கோடு இடுப்பில் செருகும் சுருக்குப்பைக்கு 58 மில்லிமீட்டர் கத்தி அளவெடுத்த மாதிரி பொருந்தும். கைப்பை வைத்திருப்பவர்கள் கத்தியைத் தனியாக ஒரு துணி உறையில் போட்டுக்கொண்டால் தேடும்போது கையில் தட்டுப்படும்.

நான்காம் படி: எங்கே கொண்டுபோகக் கூடாது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை அதில் விலக்கு. பேனாக்கத்தி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. அதனால் எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறினால் கைப்பையில் கூடாது, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், பள்ளி, வாக்குச்சாவடி, சோதனை வைத்து உள்ளே விடும் எந்த இடத்துக்கும் வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

சட்டம் சொல்லாத இடங்களும் உண்டு. சிராவயல் மஞ்சுவிரட்டுக் கூட்டம், பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி நெரிசல், இரண்டு தரப்பு முறைத்துக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து, இங்கெல்லாம் பையில் கத்தி இருப்பதே தப்பு. கோபமாக இருக்கும் நாளில் எடுத்துப் போகவே வேண்டாம். "தற்காப்புக்கு" என்று யாராவது வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த எண்ணத்தோடு வாங்குவதாக இருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: தினமும் ஒரு சின்ன வேலை

கத்தியின் சுகம் சின்ன வேலைகளில்தான் இருக்கிறது. கூரியர் உறையை ஒரே கீறலில் திறப்பது. தேன்குழலும் சீப்புச்சீடையும் வந்த பொட்டலத்தை நூல் பிரியாமல் அறுப்பது. பூச்சரத்து வாழைநாரை நறுக்குவது. வேப்பங்குச்சியைச் சீவிக்கொள்வது. பிள்ளைகளுக்குப் பென்சில் சீவித் தருவது. இதைக் கத்தியால் செய்யும்போது அலகு எந்தக் கோணத்தில் கடிக்கிறது, எப்போது வழுக்குகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். கொட்டான் முடைபவர்கள் பனை ஓலையை வகிர்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஓலையின் நரம்பு போகும் போக்கிலேயே அலகும் போகும், அழுத்தமே தெரியாது.

செய்யக்கூடாதவை: பெயின்ட் டப்பா நெம்புவது, திருகு கழற்றுவது, கம்பி அறுப்பது. கொட்டைப்பாக்கையும் வெட்டாதீர்கள், அதற்கு வீட்டிலேயே பாக்குவெட்டி இருக்கிறது. மெல்லிய அலகின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பாக்கில் பொக்கை விழுந்துவிடும்.

ஆறாம் படி: துடைத்தலும் எண்ணெயும்

பழம் நறுக்கியதும் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. அவ்வளவுதான் அன்றாடப் பராமரிப்பு. கார்பன் எஃகில் மாங்காயோ எலுமிச்சையோ பட்டால் சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறம் படியும். அது கெடுதல் இல்லை, அழகு. நல்ல அரிவாள்மனைகள் எல்லாம் அப்படிக் கறுத்தவைதான். செம்மண் நிறத்தில் பொடியாக வருவதுதான் துரு. ஈரமும் காற்றும் போதும் அதற்கு, வியர்வை உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். இரும்பின் ஒரு புள்ளி மின்னணுக்களை இழந்து கரைய, இன்னொரு புள்ளியில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. ஒரு சின்ன மின்கலமே அலகின்மேல் ஓடுகிறது. இப்படி உலோகம் அரிப்பதை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அந்த ஈரத்தைத் தள்ளி வைக்கும்.

எந்த எண்ணெய்? நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகி மூட்டை இறுக்கும். தேங்காய் எண்ணெய் அலகுக்குப் பரவாயில்லை, அடிக்கடி துடைத்துப் புதிதாகப் பூசினால். மருந்துக்கடையில் மலமிளக்கியாக விற்கும் லிக்விட் பாரஃபின்தான் என் தேர்வு. கெட்டுப் போகாது, சாப்பாட்டுப் பொருள் பட்டாலும் பயமில்லை. மூட்டில் ஒரு சொட்டு விட்டு நாலைந்து தடவை திறந்து மூடினால் உள்ளிருக்கும் கறுப்பு அழுக்கு வெளியே வரும், துடைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓப்பினலின் மரப்பிடி ஊறி அலகு வெளியே வர அடம்பிடிக்கும். நகத்தால் மல்லுக்கட்டாதீர்கள். வளையம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பிடியின் பின்முனையைத் திண்ணை விளிம்பில் தட்டுங்கள், அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்கள் செய்வதும் இதுதான்.

ஏழாம் படி: தீட்டுதல்

சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், பேனாக்கத்தியைக் கொடுக்க வேண்டாம். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் கடினம் அங்கே போய்விடும், பிறகு கூர்மை நிற்காது. அலகும் தேவைக்கு மேல் தேயும்.

ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் உள்ள தீட்டுக்கல் ஒன்று போதும். ஈரத்துணிமேல் நகராமல் வையுங்கள், தண்ணீர் தெளியுங்கள். கோணம்தான் எல்லோருக்கும் குழப்பம். எளிய கணக்கு இது: அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். 18 மில்லிமீட்டர் அகலம் என்றால் 6 மில்லிமீட்டர். அது ஏறக்குறைய 20 டிகிரி. நாணயங்களை அந்த உயரத்துக்கு அடுக்கி அதன்மேல் முதுகைச் சாய்த்துப் பார்த்தால் கைக்குப் பிடிபடும்.

கல்லிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவி எடுப்பதுபோல் வாய் முன்னே போகும்படி, அடியிலிருந்து முனைவரை ஒரே சீராகத் தள்ளுங்கள். அழுத்த வேண்டாம். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்க விளிம்பில் ஒரு பிசிறு தட்டுப்படும். விரலை முதுகிலிருந்து வாய் நோக்கி வெளிப்பக்கமாக நகர்த்தித்தான் பார்க்க வேண்டும், விளிம்பின் நெடுகே தடவக் கூடாது. பிசிறு முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் மறுபக்கம் மாற வேண்டும். அவசரப்பட்டு இங்கே விடுவதால்தான் பலருக்குக் கத்தி கூராவதில்லை. அடுத்து நைசுப் பக்கம், இன்னும் மென்மையாக. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னே போகும்படி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். செய்தித்தாளின் ஓரத்தைத் தொங்கவிட்டு அறுத்தால் கிழியாமல் நழுவிப் போக வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தீட்டி, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து மற்ற சாமான்களோடு இதையும் வையுங்கள். விஜயதசமியன்று எடுத்ததும் சந்தனத்தைத் துடைத்துவிடுங்கள், அதன் ஈரம் கார்பன் எஃகில் தடம் பதிக்கும்.

எட்டாம் படி: பழைய கத்தி தேடுதல்

கொஞ்சம் பழகிய பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு நாள் பொறுமையாக அலையுங்கள். ரங்கூன், பினாங்கு என்று கடல் கடந்து கொண்டுவிற்ற குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள் வந்து சேரும் தெரு அது. எனாமல் தூக்குகளுக்கும் பித்தளைப் பாக்குவெட்டிகளுக்கும் நடுவே, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் என்றோ ஜெர்மனியின் சோலிங்கன் என்றோ அலகின் அடியில் பொறித்த ஒரு பேனாக்கத்தி சில சமயம் கண்ணில் படும்.

திறந்து பாருங்கள். கடைசி நொடியில் 'டக்' என்று ஸ்பிரிங் இழுத்து நிறுத்த வேண்டும். அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. மேலோட்டமான துரு போகும், குழி விழுந்த துரு போகாது. கொம்புப்பிடியில் ஆணிக்குப் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். நகக்குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் அளவுக்கு வாய் தேய்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடைக்காரர் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கறுப்போடேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டால் போதும்.