டிடிபி கடையைக் கிராக் மென்பொருளிலிருந்து மீட்பது எப்படி?

கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று வேலை செய்து கொடுக்கும் சிறிய டிடிபி கடைகளில், கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) மென்பொருள் ஒன்றுகூட இல்லாத கணினியைக் காண்பது அரிது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் "ஒரிஜினல் வாங்கிக் கட்டுப்படியாகாது" என்ற பதிலோடு விவாதம் முடிந்துவிடுகிறது. விலை உண்மையான தடைதான். ஆனால் மாற முயன்று பாதியில் கைவிடுபவரைத் தடுப்பது பெரும்பாலும் விலையன்று, பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட பழைய கோப்புகளும் அவற்றில் உள்ள எழுத்துருக்களுமே என்பது என் கணிப்பு. ஆகவே எதை வாங்குவது என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இயங்குதளம், மென்பொருள், அதன் பதிப்பு, எழுத்துரு, அது எப்படி வந்தது ஆகியவற்றை எழுதுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் உள்ள ஆக்டிவேஷன் (உரிமச் சரிபார்ப்பு) பக்கத்தையும் திறந்து பாருங்கள். நான்கு கணினிகள் மட்டுமே உள்ள கடையில் "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது" என்ற பொருளில் வாசகம் தெரிந்தால், அசெம்பிள் செய்து கொடுத்தவர் கே.எம்.எஸ். ஆக்டிவேட்டர் என்னும் கிராக் கருவி ஒன்றை ஓட்டியிருக்கிறார் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

எழுத்துருவையும் பட்டியலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அமெரிக்கக் கம்பெனிக்கு என்ன நட்டம் வந்துவிடப் போகிறது" என்று வாதிடுபவர்கள், தமிழ் எழுத்துருத் தொகுப்பைப் பென்டிரைவில் நகலெடுக்கும்போதும் அதே வாதத்தையே சொல்கிறார்கள். அதை உருவாக்கியவருக்கு இருப்பதோ மிகச் சிறிய சந்தை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: பணம் கொடுத்து வாங்கியவர் மென்பொருளைத் திறக்கச் செருக வேண்டிய டாங்கில் என்ற சாவிக் கருவியைத் தொலைத்துவிட்டோ, புதிய கணினியில் அதைச் செருக இடமில்லாமலோ தவிக்க, நகலெடுத்தவர் தடையின்றி வேலை பார்த்ததும் நடந்திருக்கிறது. காசு கொடுத்தவனுக்கே தொல்லை தரும் பூட்டு, திருட்டு நகலுக்குச் செய்த இலவச விளம்பரம்.

அடுத்தது கோப்புகள். கிராக் மென்பொருளை நீக்குவதற்கு முன்பே, மீண்டும் வரக்கூடிய வேலைகளை எல்லாம் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்களாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இதுவே அளவுகோல். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு அதற்குத் தெரியாது. பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் 'அ' என்று நமக்குத் தெரிவது கணினிக்கு ஆங்கில 'எம்' எழுத்துதான். எழுத்துருவை நீக்கினால் பத்திரிகை முழுவதும் ஆங்கிலக் குப்பையாகிவிடும். எனவே உரையை வெளியே எடுத்து, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடையும் தமிழுக்கான டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டதால், அரசு அலுவலக வேலை எடுப்பவர்களுக்கு இது எப்படியும் தேவைப்படும். மாற்றிய பிறகு கொ, கோ, கௌ வரிசையையும் ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றையும் கண்ணால் சரிபாருங்கள். உரைக்கு நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் கன்வெர்ட்டர் தமிழ் என்று எண்ணிச் சிதைத்திருக்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். சலிப்பான வேலை, குறுக்குவழி இல்லை.

இதன் பிறகே தேர்வுக்கு வரலாம். பக்க வடிவமைப்புக்கு இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் போதும், ஆனால் 2024-இல் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பாக இருக்க வேண்டும், பழைய 1.4 வரிசையில் தமிழின் கொம்புகள் இடம் மாறி விழுந்ததால்தான் அதற்குக் கெட்ட பெயர் வந்தது. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே வண்ணமும் அச்சகங்கள் கேட்கும் பிடிஎஃப்-எக்ஸ் வடிவமும் அதில் உண்டு. படம் வரையும் மென்பொருளான கோரல்டிராவின் கோப்புகளை, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பும் லிப்ரெஆபிஸ் டிராவும் திறக்கும். வண்ணச் சாயல்களும் சிறப்பு விளைவுகளும் சிதையலாம் என்பதால் பழைய பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில் இயங்குவது. அதில் செய்த படத்தை நேரே ஆப்செட் அச்சுக்கு அனுப்பினால் குங்குமச் சிவப்பு மங்கி வரும். ஆகவே ஸ்கிரைபஸ் வழியாக அனுப்புங்கள். கல்யாண ஆல்பத்துக்குப் புகைப்படம் திருத்தும் கடையில் ஃபோட்டோஷாப்பின் இடத்தை இலவச மென்பொருளான கிம்ப் முழுவதும் நிரப்பும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அத்தகைய கடை, எல்லாக் கணினிகளுக்கும் அல்லாமல் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் ஃபோட்டோஷாப் சந்தா கட்டினால் போதும். அதை விற்கும் அடோபி நிறுவனம் 2013-இல் சந்தா முறைக்கு மாறியது முதல், ஒருமுறை வாங்கி ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது என்ற குறை நியாயமானது. முகூர்த்த மாதங்களில் மட்டுமே வருமானம் பார்க்கும் தொழிலுக்குப் பன்னிரண்டு மாதச் சந்தா பொருந்தாத சட்டை. ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டும் திட்டத்தை மாதச் சந்தா என்று எண்ணி ஏமாறாதீர்கள். இடையில் விலகினால் பிடித்தம் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கட்டணத்தை வேலைகளின் மேல் பிரித்துப் பாருங்கள்: மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 வேலை செய்யும் கடைக்கு ஒரு வேலைக்கு 50 ரூபாய் விழுகிறது. அதைக்கூட வாடிக்கையாளரிடம் வாங்க முடியாத வேலையை இலவச மென்பொருளில் செய்யுங்கள்.

கிராக்குக்கும் விலை உண்டு. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வதும், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தச் சொல்வதும் அதன் வழக்கம். 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னகிரை பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது; அப்டேட் செய்யாத கணினிகளே சிக்கின. சட்டமும் கடைக்குச் சாதகமாக இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கும் விலக்கு, லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவருக்கு மட்டுமே.

மாற்றத்தை ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்தில்தான் பழக நேரம் கிடைக்கும். கோப்புகளை வெளி ஹார்டுடிஸ்க் இரண்டில் நகலெடுத்தபின், கிராக்கை நீக்குவதோடு நில்லாமல், வட்டையே துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் உரிமச் சாவிகளைத் தொடாதீர்கள். ஜிஎஸ்டி பில் தராதவரிடம் வாங்கிய உரிமத்தை நிரூபிக்க வழியில்லை.

முதல் முகூர்த்த நெருக்கடியில், "பழையதிலே அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுவேன் அண்ணா" என்று வேலை செய்யும் தம்பி பென்டிரைவோடு வந்து நிற்பார். அவருடைய கணக்கில் மென்பொருள் நிறுவும் அனுமதியை முன்கூட்டியே நீக்கிவிட்டு, நிர்வாகிக் கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.