பள்ளி ஆய்வகத்தில் சேரும் வேதிக் கழிவுகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும் முறை

பள்ளி ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தைக் காட்டிலும் அஞ்ச வேண்டியது, அலமாரியின் பின்வரிசையில் லேபிள் உதிர்ந்து நிற்கும் பழைய பாட்டில்தான் என்பேன். அமிலத்தின் குணம் நமக்குத் தெரியும். அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே கழிவு உண்டாகும் அன்றே, அது சேரும் கலனில் பொருளின் முழுப்பெயர், தோராயமான செறிவு, தேதி, தீப்பற்றுமா அரிக்குமா நஞ்சா என்ற விவரம் ஆகியவற்றை எழுதி ஒட்டிவிட வேண்டும். வேதி வாய்பாட்டை மட்டும் எழுதுவது போதாது, ஏனெனில் அந்த அறையைப் பெருக்க வருபவருக்கும் அது புரிய வேண்டும்.

அமிலம், காரம், கரிமக் கரைப்பான், கன உலோக உப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கலன்கள் தேவை. அசிட்டோன் அல்லது ஆல்கஹால் இருக்கும் கலனில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் வெப்பமும் வாயுவும் பெருகி, மூடிய கலன் வெடிக்கக்கூடும். பிளீச்சிங் கரைசலோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கலனை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், கசிவைத் தாங்கும் தட்டத்தில் வைக்க வேண்டும்.

தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டு மற்றொன்றின் செறிவை அளக்கும் சோதனையில், மிஞ்சும் நீர்த்த அமிலத்தையும் காரத்தையும் மெதுவாக நடுநிலையாக்கி, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6 முதல் 8-க்குள் இருப்பதைப் பிஎச் தாளில் பார்த்த பிறகு, உள்ளூர் விதி அனுமதித்தால் மட்டும், நிறைய நீருடன் வடிகாலில் விடலாம். ஈயம், குரோமியம், பாதரசம் கலந்த எதற்கும் இந்தச் சலுகை கிடையாது.

குழாயின் உட்புறத்தில் வெள்ளி கண்ணாடிபோலப் படியும் வெள்ளி ஆடிச் சோதனையைத் தனியே சொல்ல வேண்டும். பளபளக்கும் குழாயை மாணவர்கள் ஆசையோடு சன்னலோரம் வைத்துவிட்டுப் போவதுண்டு. அதில் மிஞ்சிய டாலன்ஸ் கரைசல் (அம்மோனியா சேர்ந்த வெள்ளி நைட்ரேட் கரைசல்) அப்படியே நின்றால், லேசான அசைவுக்கே வெடிக்கவல்ல கரும்படிவு உருவாகலாம். ஆகவே அந்தக் கரைசலைச் சேமித்து வைக்கக் கூடாது. வகுப்பு முடிவதற்குள், கரைசல் அமிலத்தன்மை அடையும்வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். அப்போது வெள்ளி, வெண்ணிறச் சில்வர் குளோரைடாகப் படியும். அதை வடிகட்டிக் கன உலோகக் கலனில் சேர்க்கலாம்.

வெப்பமானி உடைந்து பாதரசம் சிதறினால் துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ அதைத் தொடக் கூடாது, ஏனெனில் இரண்டும் அதை நுண்துளிகளாக்கி ஆவியைப் பரப்பும். மாணவர்களை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, கையுறையுடன் கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றுகூட்டி, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் புட்டியில் அடைக்க வேண்டும்.

காய்ந்துபோன பிக்ரிக் அமிலமோ, மூடியைச் சுற்றிப் படிகம் கட்டிய பழைய ஈதரோ கண்ணில் பட்டால், மூடி உராய்வதே வெடிப்புக்குப் போதும் என்பதால், பாட்டிலைத் தொடாமல் அறையைப் பூட்டிவிட்டு வல்லுநர்களை அழைக்க வேண்டும். மற்ற கழிவுகளை எரிக்கவோ புதைக்கவோ குப்பையில் போடவோ கூடாது. அபாயக் கழிவுகளைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் பட்டியலுடன் ஒப்படைத்து, அவர்கள் தரும் ரசீதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்தால், அடுத்துப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு எது இருந்தது, எங்கே போனது என்பது தெரியும்.