குதிரைக் குட்டி என்ன கலர்ல பொறக்கும்? பேப்பர் பேனாவோட வாங்க

அப்பா கருப்பு, அம்மாவும் கருப்பு, குட்டி மட்டும் எப்படி செவலைன்னு நிறைய பேர் குழம்புறாங்க. நாலு கட்டம் போட்டா புரிஞ்சிடும்.

ஸ்டெப் 1: செவலையா இல்லையா?

ஈ (E)-னு ஒரு ஜீன், தாய்கிட்ட ஒண்ணு தகப்பன்கிட்ட ஒண்ணுன்னு குட்டிக்கு ரெண்டு காப்பி வரும். பெரிய ஈ (E) ஒண்ணு இருந்தாலும் கருப்பு நிறமி உண்டாகும், ரெண்டுமே சின்ன ஈ (e)ன்னா உடம்பு, பிடரி, வால் எங்கயுமே கருப்பு முடி இருக்காது, அதுதான் செஸ்ட்நட், நம்ம செவலை. இப்போ கருப்புக் குதிரை ரெண்டுகிட்டயும் பெரிய ஈ ஒண்ணு, சின்ன ஈ ஒண்ணு இருக்குன்னு வெச்சு, மேல தகப்பனோட ரெண்டு எழுத்து, பக்கத்துல தாயோட ரெண்டு எழுத்து எழுதி, ஒவ்வொரு கட்டத்துலயும் மேல இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணுன்னு நிரப்புங்க, ஒரு கட்டத்துல ரெண்டு சின்ன ஈ வந்து உக்காந்திருக்கும். செவலைக்கு 25% சான்ஸ். இது ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியா, நாலு பொறந்தா ஒண்ணு கட்டாயம் செவலைன்னு நினைச்சிடாதீங்க.

ஸ்டெப் 2: கருப்பு எங்க நிக்குது?

இது அகூட்டி ஜீன் வேலை. இதுக்கு எழுத்து ஏ (A). பெரிய ஏ ஒண்ணு இருந்தா கருப்பு காலு, பிடரி, வாலு, காது ஓரம்னு ஒதுங்கிடும், உடம்பு பழுப்பு, அதுக்குப் பேரு பே. ரெண்டும் சின்ன ஏன்னா முழுக் கருப்பு. செவலைகிட்ட ஒதுக்குறதுக்கு கருப்பே கிடையாதுல்ல, அதனால பெரிய ஏ இருந்தாலும் வெளிய தெரியாது. செவலைத் தாய்க்கும் கருப்புத் தகப்பனுக்கும் பே குட்டி பொறக்குறது இப்படித்தான்.

ஸ்டெப் 3: கிரீம்

இது நிறத்த வெளிர வைக்கிற ஜீன். ஒரு காப்பி வந்தா செவலை பொன்னிற பாலோமினோ ஆகும், பே பக்ஸ்கின் ஆகும். ரெண்டு காப்பின்னா வெளிர் கிரீம் உடம்பு, நீலக் கண்ணு.

ஸ்டெப் 4: கிரே

இது பொறந்த நிறத்த வளர வளர வெளுக்க வைக்கிற ஜீன். வியன்னாவுல ஆடுற வெள்ளை லிப்பிசானர் குதிரைங்க கருப்பாவோ பழுப்பாவோதான் பொறக்குது, வருஷம் போகப் போக வெளுக்கும். குட்டியோட கண்ணச் சுத்தி உத்துப் பாருங்க, வெள்ளை முடி பெரும்பாலும் அங்கதான் முதல்ல எட்டிப் பார்க்கும். தாய் தகப்பன்ல ஒண்ணாவது கிரேயா இருந்தாதான் கிரே குட்டி.

ஸ்டெப் 5: இனம் சேர்க்கும் முன்னாடி டெஸ்ட்

இத தயவுசெஞ்சு விட்றாதீங்க. ஃப்ரேம் ஓவரோங்கிற வெள்ளைத் திட்டு ஜீன் ரெண்டு பக்கமும் வந்துட்டா குட்டி வெள்ளையா பொறக்கும், குடல்ல நரம்பு சரியா உருவாகாததால சாணி போட முடியாம வலில துடிச்சு சில நாள்ல செத்துடும். திட்டே தெரியாத குதிரைகிட்டயும் இந்த ஜீன் இருக்கலாம், கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. பிடரி முடிய வெட்டாம வேரோட பிடுங்கி லேப்புக்கு அனுப்புங்க, நுனில குட்டி முடிச்சு மாதிரி இருக்கிற வேர்லதான் டிஎன்ஏ எடுப்பாங்க. ரெண்டுகிட்டயும் அந்த ஜீன் இருந்தா ஜோடி சேர்க்காதீங்க.