எழுத மல்லுக்கட்டும் பிள்ளைக்கு வீட்டில் பாடம் நடத்துவது எப்படி?

எங்கள் வீட்டில் மூன்று பேர் படிக்கிறார்கள். பெரியவளுக்கு 12 வயது, நடுவுள்ளவனுக்கு 9, சின்னவளுக்கு 6. மூவருக்கும் நான்தான் வாத்தியார். நடுவுள்ளவனிடம் திமிங்கிலத்தைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் பேசுவான். அது மீன் இல்லை, நுரையீரலால் சுவாசிக்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, மீன் வாலை இடம் வலமாக ஆட்டும், திமிங்கிலம் மேலும் கீழுமாக அடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போவான். சரி, இதையே எழுது என்று நோட்டைக் கொடுத்தால் "அது பெரியது" என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். 'திமிங்கிலம்' என்றால் ஆறு எழுத்து எழுத வேண்டுமாம்.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: கையின் வேலையையும் தலையின் வேலையையும் பிரித்துவிடுங்கள். எழுத்து இன்னும் கைக்குப் பழகாத பிள்ளைக்கு ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் நினைத்து நினைத்து வரைவதிலேயே கவனம் முழுவதும் போய்விடும். என்ன சொல்ல வந்தோம் என்பது பாதி வழியில் நழுவிவிடும். அதனால் எழுத்துப் பயிற்சிக்கு ஒரு நேரம், பாடத்துக்கு வேறு நேரம். இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள். நிறையப் பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் இது நடக்காத காரியம். வீட்டில் நடக்கும்.

சிக்கல் எங்கே என்று பாருங்கள்

ஒரு பக்கம் எழுதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திருத்த வேண்டாம், சும்மா பாருங்கள். பென்சிலை எவ்வளவு அழுத்துகிறான்? தாளின் மறுபுறம் தடவினால் எழுத்து கையில் தட்டுப்படுகிறதா? இன்னொரு கை தாளைப் பிடித்திருக்கிறதா, தொங்கிக்கொண்டிருக்கிறதா? வரி போகப் போக எழுத்து பெரிதாகிறதா? ஒரே எழுத்தை ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்குகிறானா? இந்தக் கடைசிக் கேள்விதான் என் கணக்கில் முக்கியமானது. தொடங்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த எழுத்து கைக்கு இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. அவன் தப்பாக எழுதிய சொல்லை வாயால் எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள். வாயில் சரியாக வந்து தாளில் தப்பாக வந்தால் சிக்கல் பெரும்பாலும் கையில். வாயிலும் தப்பாக வந்தால் வாசிப்பையும் எழுத்துக்கூட்டலையும் பார்க்க வேண்டும், அது வேறு பாதை. கண் பரிசோதனையையும் ஒரு தடவை முடித்துவிடுங்கள்.

ஆறு வயதுக்குக் கீழ் என்றால் அவசரப்படாதீர்கள். பொதுவாகப் பிள்ளைகள் 3 வயது வாக்கில் வட்டத்தையும், 4 வாக்கில் கூட்டல் குறியையும், 5 வாக்கில் முக்கோணத்தையும் பார்த்து வரைகிறார்கள். சாய்கோடு போட வராத கையிடம் எழுத்தைக் கேட்டு அடம்பிடிப்பதில் பலன் இல்லை.

பித்தான் போடுவது, ஷூ கயிறு கட்டுவது, கத்தரிக்கோல் பிடிப்பது எல்லாமே கடினமாக இருந்தாலோ, எழுதினால் கை வலிக்கிறது என்று சொன்னாலோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்கான கைத்திறனைப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் காட்டுங்கள். எழுதுவதில் உள்ள இந்தக் குறைபாட்டைப் பேச்சு வழக்கில் டிஸ்கிராஃபியா என்கிறார்கள். பரிசோதித்துவிட்டுத் தரும் அறிக்கையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு அதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பின் கீழ், எழுத்து வெளிப்பாட்டில் உள்ள சிக்கலாகத்தான் வைக்கிறது. அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, எழுதித் தர ஆளோ, கணினியோ கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நாற்காலி, தாள், பென்சில்

கால் தரையில் பதிய வேண்டும். எட்டாவிட்டால் காலடியில் ஒரு பலகையோ பழைய புத்தகக் கட்டோ வையுங்கள். கால் ஆடிக்கொண்டிருந்தால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை நிற்காது. மேசை முழங்கை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும்.

தாளை நேராக வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வலக்கையால் எழுதுகிறவருக்குத் தாளின் வலது மேல்முனை சற்று உயர்ந்திருக்கட்டும். இடக்கைக்காரருக்கு இடது மேல்முனை. அவர்கள் பென்சிலை முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் எழுதியது கைக்குள் மறையாது. தடித்த ஃபைல் ஒன்றைப் படுக்கவைத்து, முதுகுப் பக்கம் எதிரே இருக்கும்படி திருப்பினால் சாய்வு மேசை தயார். மணிக்கட்டு தானாகவே சரியான கோணத்துக்கு வந்துவிடும்.

பென்சில் பிடிப்பதில் பெரியவர்களுக்கு இருக்கும் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்ற மூவிரல் பிடிதான் சரி என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். நான்கு விரல் பிடியிலும், கட்டைவிரல் குறுக்கே போகும் பிடியிலும் நன்றாகவும் வேகமாகவும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வலி இல்லை, விரல் நகர்கிறது என்றால் விட்டுவிடுங்கள். முழு உள்ளங்கையால் பற்றினால் மட்டும் மாற்றப் பாருங்கள். அதற்குச் சுலபமான வழி, எழுதித் தேய்ந்த துண்டுப் பென்சில். அதை உள்ளங்கையால் பிடிக்கவே முடியாது.

அழுத்தி எழுதுகிறவர்களுக்கு 2பி பென்சில் கொடுங்கள், லேசாகத் தொட்டாலே கறுப்பாக விழும். தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு ஒன்று போட்டால், அழுத்தினால் தாள் ஓட்டை விழும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டை சொல்லிவிடும்.

பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

எழுத்துப் பயிற்சி தினமும் பத்து நிமிடம். அரை மணி நேரம் உட்காரவைத்தால் கடைசி இருபது நிமிடம் தப்பாக எழுதத்தான் பழகுவான்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது? அகர வரிசையில் அல்ல. வரிசையை வாயால் சொல்லட்டும், பாடட்டும், கைக்கு வேறு வரிசை கொடுங்கள். அ, ஆ, இ எல்லாம் சுழித்து, வளைத்து, போட்ட கோட்டையே கடந்து போகும் எழுத்துகள். கைக்கு எளியது ட. கீழே ஒரு கோடு, வலப்புறம் ஒரு கோடு. அதிலிருந்து மேலே ஏறினால் ப. அதைப் பிடித்துக்கொண்டு ம, ய என்று போகலாம். சுழிகளைத் தனியாகப் பழக்குங்கள். வெறும் சுழி, பெரிய சுழி, சுவரில் கையை வீசிப் போடும் சுழி. அது வந்த பிறகு ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. எழுதும்போது வாயும் கூடவே பேசட்டும்: "கீழே, வலது, மேலே."

247 எழுத்து என்று மலைக்கவும் வேண்டாம். உயிர் 12, மெய் 18 கைக்கு வந்துவிட்டால் கால், கொம்பு, விலங்கு (கி, கீ-யின் மேல்வளைவு) போன்ற சில குறிகள்தான் மிச்சம். உண்மையான தொல்லை உகர, ஊகார வரிசை. கு, சு, து ஒவ்வொன்றும் ஒரு விதமாக முடிகிறது. அவற்றை விதி சொல்லிப் புரியவைக்கப் பார்க்காமல் சொல்லோடு சேர்த்துத் தனித்தனியாகப் பழக்குங்கள்.

கொம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்று சொன்னால் காதில் முதலில் விழுவது க். கை முதலில் போட வேண்டியதோ கொம்பு. என் பையன் க-வை எழுதிவிட்டு, இடம் போதாமல் கொம்பை முந்தின எழுத்தின் மேல் இடித்துக்கொண்டு நுழைப்பான். எழுதும் முன் உறுப்புகளைச் சொல்லவைத்தேன்: "ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால்." அந்த இடிபாடு குறைந்தது.

தாளில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. சுவரில் மாட்டிய கரும்பலகை மிக நல்லது, நின்றுகொண்டு எழுதும்போது தோளும் மணிக்கட்டும் வேலை செய்யும். நீங்கள் சாக்பீஸால் ஓர் எழுத்துப் போடுங்கள். அவன் ஈரப் பஞ்சுத் துண்டால் அதே வழியில் அதைத் துடைக்கட்டும், பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை, பிறகு சாக்பீஸால். ஒரே எழுத்து மூன்று முறை ஆயிற்று, எழுதின மாதிரியே அவனுக்குத் தெரியாது.

அழிப்பானை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தப்பென்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்ததை எழுதட்டும். ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதச் சொல்வதும் வேண்டாம். மூன்று முறை எழுதி, மூன்றில் எது நன்றாக இருக்கிறது என்று அவனே வட்டம் போடட்டும். வட்டம் போடும் வேலையை நீங்கள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

மீதி நாள் முழுக்கப் பாடம்

வரலாறு, அறிவியல், கதை எல்லாம் வாயால். அவன் சொல்வான், நான் எழுதுவேன். இதில் இரண்டே கட்டுப்பாடு. அவன் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், நம் பங்குக்கு அழகுபடுத்தக் கூடாது. முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போதுதான் "அந்த வரி வேண்டாம்மா, அதை மேலே போடு" என்பான். கட்டுரை எழுதக் கற்பது என்பது அந்த வேலைதான். பிறகு அதிலிருந்து அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு வாக்கியத்தை அவன் கையால் எழுதினால் போதும். திமிங்கிலக் கட்டுரையில் வால் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தான், ஆறெழுத்துச் சொல்லோடு சேர்த்தே.

கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம். பத்தாம் இடத்தின் கீழ் பத்தாம் இடமும் நூறாம் இடத்தின் கீழ் நூறாம் இடமும் நின்றாலே பாதித் தப்புகள் காணாமல் போகும். கேள்வியைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டாம், நீங்களே எழுதிவையுங்கள், அவன் கணக்கை மட்டும் போடட்டும். வரைபடம், படம் என்றால் பெயர்களை எழுதி வெட்டிவைத்து ஒட்டச் சொல்லலாம். சொற்களுக்கு எழுத்து அட்டைகள்.

கை விசைப்பலகையில் பரவும் அளவுக்கு வளர்ந்ததும் தட்டச்சைத் தொடங்குங்கள். தமிழுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு நல்லது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். க-வைத் தட்டி ஒ-வைத் தட்டினால் கொ வந்துவிடும். காதில் கேட்கும் வரிசையிலேயே விரல் போகிறது, கொம்புத் தகராறே இல்லை. கைபேசியில் பேசித் தட்டச்சு செய்வதும் உதவும். ஆனால் ல, ள, ழ தெளிவாக வராவிட்டால் வேறு சொல் வந்து விழும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதை அவன் வேலையாக்கிவிடுங்கள், எழுத்துப்பிழைப் பாடம் இலவசமாக முடிந்துவிடும்.

இதெல்லாம் கிடைக்கிறதே என்று கையெழுத்தை ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. எழுத்தைக் கையால் எழுதிப் பழகுவது வாசிப்பில் எழுத்தை அடையாளம் காணவும் உதவுகிறது. பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கட்டும்.

மற்ற இரண்டு பேர்

காலையில் மூவரும் சேர்ந்து ஒரே புத்தகம் கேட்பார்கள், நான் வாசிப்பேன். வயது வித்தியாசம் கேட்பதில் தடையாக இருப்பதில்லை, கேள்விகள்தான் மாறும். அப்புறம் பெரியவள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வாள், சின்னவள் களிமண்ணோ கட்டைகளோ வைத்து விளையாடுவாள், அந்த நேரம் நடுவுள்ளவனுக்கு. பிறகு அவன் காதில் ஒலிப்புத்தகத்தை மாட்டிக்கொள்வான், நான் சின்னவளிடம் போவேன்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தங்கை அண்ணனைவிட அழகாக எழுதத் தொடங்கும் காலம் வரும். எங்கள் வீட்டில் வந்துவிட்டது. இருவரின் எழுத்து நேரத்தையும் வேறு வேறாக்குங்கள், நோட்டுகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக விரித்து வைக்காதீர்கள். சின்னவள் ஒருநாள் கேட்டாள்: "அண்ணனுக்கு மட்டும் ஏம்மா நீ எழுதித் தர்ற?" "உனக்குக் கணக்குக்கு நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்ல, அது மாதிரி" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வரும் உறவினர்களுக்குத்தான் போதவில்லை. வந்ததும் நோட்டைத்தான் புரட்டுவார்கள். நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, திமிங்கிலத்தைப் பற்றி அவனிடமே கேட்கச் சொல்லுங்கள்.

எதைச் சேர்த்து வைப்பது

மாதம் ஒரு முறை ஒரே வாக்கியத்தை எழுதவைத்துத் தேதி போட்டு ஃபைலில் வையுங்கள். வாக்கியத்தை மாற்றாதீர்கள், மாற்றினால் ஒப்பிட முடியாது. முன்னேற்றம் அழகில் முதலில் தெரியாது. அழுத்தம் குறையும், தொடங்கும் இடம் நிலைக்கும், இடையில் கை உதறுவது குறையும், அதற்கப்புறம்தான் வரி நேராகும். அவன் சொல்லி நீங்கள் எழுதியதையும் அதே ஃபைலில் சேருங்கள், ஆனால் யார் கை என்று மேலே குறித்துவிடுங்கள். வீட்டுக்கல்விக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பதிவுகள் கேட்கும் இடத்தில் இந்தக் குறிப்பு நேர்மையாகவும் இருக்கும், வசதியாகவும் இருக்கும்.

கடைசியில் கையால் கட்டாயம் வர வேண்டியவை என்று நான் வைத்திருக்கும் பட்டியல் சிறியது: பெயர், முகவரி, எண்கள், இரண்டு வரிக் குறிப்பு, கையொப்பம், படிவம் நிரப்புவது. இப்போது படிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றதும் முதலில் முகம் சுளித்தான். கணக்கு நோட்டிலேயே பழக்கினேன். கொம்பும் காலும் வரும் எழுத்துக்கு ஒரு கட்டம் போதுமா, இரண்டு வேண்டுமா என்று இன்னும் என்னிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறான்.