கவுண்டர்-ஸ்ட்ரைக் 2: வேகமா, கவசமா?

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் சிடி (தீவிரவாத எதிர்ப்பு அணி) பக்கம் ஆடும்போது பல நாளாக ஒரே தொல்லை. கேம் பணத்தில் 1000 டாலர் கொடுத்து கெவ்லரும் (உடல் கவசம்) ஹெல்மெட்டும் வாங்கினாலும் ஏகே-47இன் ஒரே ஹெட்ஷாட்டில் (தலையில் படும் குண்டு) காலி. ஸ்மோக்குக்கு (புகைக் குண்டு) பணமும் மிஞ்சாது.

கவசமே இல்லாமல் ஓடிப் பார்த்தேன். வேகம் துளியும் கூடவில்லை. இந்த கேமில் கவசத்துக்கு எடையே கிடையாது. கையில் இருக்கும் ஆயுதம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது: கத்தி 250, எம்4ஏ4 ரைஃபிள் 225, ஏடபிள்யூபி ஸ்னைப்பர் 200. கெவ்லர் இல்லாவிட்டால் குண்டு பட்டதும் குறி எகிறும், அது தனி நஷ்டம்.

கடைசியில் கைகொடுத்தது இதுதான்: எதிரணி ஏகே எடுக்கும் ரவுண்டில் 650க்குக் கெவ்லர் மட்டும். ஏகே எப்படியும் ஹெல்மெட்டைத் துளைத்துக் கொன்றுவிடும். மிஞ்சும் 350இல் 300க்கு ஒரு ஸ்மோக். எதிரில் கலில், மேக்-10, க்ளாக் துப்பாக்கிகள் என்றால் ஹெல்மெட் கட்டாயம். ஹெல்மெட் இருந்தால் க்ளாக் ஹெட்ஷாட்டின் சேதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முந்தைய ரவுண்டின் கெவ்லர் முழுசாக மிஞ்சியிருந்தால் ஹெல்மெட்டுக்கு 350தான் பிடிப்பார்கள்.