மாதிரி வண்டிக்கு வயதேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பகாவ் பட்டணத்தை ஒட்டிய தாமானில் இருக்கும் எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு இளைஞர்கள் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளோடு வருகிறார்கள். ஒருவர் 1/35 அளவில் கவச வண்டி கட்டுகிறார், இன்னொருவர் 1/24 அளவில் லேண்ட் ரோவர் கட்டுகிறார். சாயம் அடித்து முடித்ததும் வண்டி விளையாட்டுச் சாமான்போல் பளபளக்கும். அதை இருபது ஆண்டுகள் தோட்டத்துச் சடக்கில் ஓடித் தேய்ந்த வண்டியாக மாற்ற வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். வெதரிங் என்று நாங்கள் சொல்லும் இந்த வயதேற்றும் வேலையில், நான் தொடங்கிய காலத்தில் செய்த பிழைகளையே அவர்களும் ஒன்று விடாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேரில் சொன்னது காற்றோடு போய்விடுவதால், எழுதி வைத்தால் பயன்படும் என்று நினைத்தேன்.

பசை வழிந்து விரல் ரேகை பதிவது, சாயம் காய்வதற்குள் தொட்டுப் பார்ப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை இரண்டாவது மாதிரி கட்டும்போது கையே கற்றுக்கொள்ளும்.

அலுமினியத்தில் செந்துரு

லேண்ட் ரோவர் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அதன் மட்கார்டிலும் கதவிலும் பக்கத் தகட்டிலும் செம்பழுப்புத் துருவை அள்ளிப் பூசுகிறார்கள். அந்த வண்டி 1948இல் வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்ததால், அதன் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பின்னர் வந்த சீரிஸ் வண்டிகளிலும் அதுவே தொடர்ந்தது. அலுமினியம் செந்துரு பிடிக்காது. அது அரிக்கும்போது வெள்ளைப் பொடியாகத்தான் பூக்கும். துரு பிடிப்பவை எஃகால் ஆன சேஸி, ஓட்டுநர் காலுக்கு முன்னால் நிற்கும் தடுப்புச் சுவர், கதவின் உள்சட்டம், கீல்கள், போல்ட்டுகள் ஆகியவையே.

என் தகப்பனார் தோட்டத்தில் துரையின் லேண்ட் ரோவரை ஓட்டியவர். அந்த வண்டி ஓய்வு பெற்ற பிறகு ஸ்டோருக்குப் பின்னால் செம்பனை நிழலில் பல காலம் நின்றது. அதை அருகில் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. கதவுக் கீலின் எஃகிலிருந்து ஒரு பழுப்புக் கோடு புறப்பட்டு, அலுமினியத் தகட்டின்மீது சுமார் ஒரு சாண் நீளத்துக்கு மெலிந்துகொண்டே இறங்கி மறைந்திருந்தது. கோட்டின் இரு பக்கமும் பச்சைச் சாயம் கெடாமல் இருந்தது. கதவின் அடிவிளிம்பில், உள்ளிருக்கும் எஃகுச் சட்டமும் மேலுள்ள அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் உள்ளேயிருந்து சுண்ணாம்புபோல் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அந்தக் கொப்புளத்தையும் மெலியும் கோட்டையும் மாதிரியில் கொண்டுவந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் அதை நம்பும்.

லயத்து வீடுகளை மாதிரியாகக் கட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். கூரைத் தகரம் நடுவில் துருப்பிடிக்கத் தொடங்குவதில்லை. ஆணி அடித்த துளையிலும், துத்தநாகப் பூச்சு இல்லாமல் வெட்டுப்பட்ட விளிம்பிலும்தான் தொடங்கும்.

அளவை மறந்த உரசல்

வெளிநாடுகளில் ஏர்சாஃப்ட் என்னும் போலிச் சண்டை விளையாடுவோர் தங்கள் போலித் துப்பாக்கிகளுக்கு வயதேற்றும் காணொளிகளை இளைஞர்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்கச் சட்டம் இடம் தராததால், அங்கே கற்ற வித்தையைத் தம் கவச வண்டியிலும் அதன் இயந்திரத் துப்பாக்கியிலும் காட்டுகிறார்கள். உண்மை அளவில் இருக்கும் உலோகப் பொருளை உப்புத்தாளால் உரசினால் சாயத்துக்கு அடியிலிருந்து உண்மையான உலோகம் தலைகாட்டும். அது அழகாகவும் இருக்கும். நம் மாதிரியை உரசினால் அடியிலிருந்து வருவது சாம்பல்நிறப் பிளாஸ்டிக். மேலும், 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் அகலச் சிராய்ப்பு என்பது உண்மை வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர் அகலம். உடல் முழுவதும் அத்தனை பெரிய காயங்களோடு எந்த வண்டியும் ஓடியதில்லை.

உரசுவதற்குப் பதிலாக, மெத்தை ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை நுனியில் கிள்ளி எடுத்து, கரும்பழுப்புச் சாயத்தில் தொட்டு, தாளில் பலமுறை ஒற்றிவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் விளிம்புகளில் மட்டும் ஒற்றுங்கள். எஃகுப் பளபளப்புக்கு மென்மையான பென்சிலின் கரித்தூளை விரல் நுனியில் எடுத்து, கை படும் இடங்களான துப்பாக்கியின் விசைப்பகுதி, குழல் முனை, வண்டியின் ஏறுபடி ஆகியவற்றில் தேய்த்தால் போதும். மரப்பிடிகளைப் பலர் வெளிறச் செய்கிறார்கள். கை பட்ட மரம் வெளிறுவதில்லை. எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்து மெருகேறும். ஒரு பழைய மண்வெட்டியின் காம்பை எடுத்துப் பார்த்தாலே தெரியும்.

வெறும் பிளாஸ்டிக்கில் எனாமல் வாஷ்

கூடாது. வாஷ் என்பது தின்னரில் நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிடும் சாயம். சாயமும் கிளியர் என்னும் நிறமற்ற மேற்பூச்சும் இல்லாத இடத்தில் எனாமல் தின்னர் தேங்கினால், இறுக்கிப் பொருத்திய மூட்டுகளில் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகி விரிசல் விடும்.

ஈரக் காற்றில் மேட் கிளியர்

இதைத்தான் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்வது எளிது. இந்தத் தவறோ பல மாத உழைப்பை ஒரே நிமிடத்தில் தின்றுவிடுகிறது.

வாஷ், கோடு, சிராய்ப்பு எல்லாம் முடிந்த பிறகு, அவற்றைப் பாதுகாக்கவும் வண்டியின் செயற்கைப் பளபளப்பைப் போக்கவும் கடைசியாக மேட் கிளியர் அடிக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், என் தகப்பனார் ஓட்டிய வண்டியைப் போலவே ஒரு லேண்ட் ரோவரைக் கட்டி, அதே பச்சை, அதே கீல் கோடு, அதே கொப்புளம் என்று நான்கு மாதங்கள் இழைத்து, அவருடைய பிறந்தநாளுக்கு முதல் நாள் மாலையில் கடைசிப் பூச்சுக்கு எடுத்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தூசி படக்கூடாது என்பதற்காக வண்டியை இரவு பகலாக ஏர்கோன் ஓடும் அறையில் வைத்திருந்தேன். அங்கிருந்து நேராக முன்கூடத்துக்குக் கொண்டுவந்து ஸ்பிரே டின்னை அழுத்தினேன். அடிக்கும்போது நன்றாகவே இருந்தது. கால் மணி நேரத்தில் கூரையிலிருந்து சக்கரம் வரை பால் ஆடை படர்ந்ததுபோல் வெண்மை மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாகத் தெரிந்த இருக்கைகள் மறைந்துபோயின.

இது ஏன் நடக்கிறது என்பதை யாரும் எனக்கு அப்போது சொல்லவில்லை. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் மிக விரைவாக ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால், பூச்சு படும் இடம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த இடத்தைத் தொட்டதும், நீராவி நுண்ணிய துளிகளாகி ஈரமாக இருக்கும் கிளியருக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது. நம் நாட்டில் காற்று சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்தாலே பெரும்பாலான நாள்களில் பனித்துளி கட்டும். ஏர்கோன் அறையில் 20 டிகிரியில் கிடந்த வண்டி, வெளியே வந்த கணமே ஈரம் கோக்கத் தொடங்கியிருக்கும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் ஏர்கோன் காரிலிருந்து இறங்கும்போது கண்ணாடி மங்குகிறதே, அதே செயல்தான் என் வண்டியின்மீதும் நடந்தது. அழுத்தத்திலிருந்து விடுபடும் வாயுவால் டின்னும் குளிர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த வண்டி, குளிர்ந்த சாயம், மழைக்குப் பிந்திய காற்று என மூன்றையும் நானே ஓரிடத்தில் சேர்த்து வைத்தேன்.

அதற்கு மேலும் ஒரு தவறு செய்தேன். பதறிப்போய்த் துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். வெண்மை போகவில்லை, அடியில் இருந்த பச்சையும் கீல் கோடுகளும் சேர்ந்து வழித்துக்கொண்டு வந்தன. மறுநாள் அப்பா அதைக் கையில் வாங்கி, சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, "வண்டி மேல சாம்பலு கொட்டிக் கிடக்குதேப்பா" என்றார். பெட்டிக்கும் சாயங்களுக்கும் ஆன 200 வெள்ளியை நான் மறந்துவிட்டேன், அந்த நான்கு மாதங்களை மறக்க முடியவில்லை. சென்ற மாதம் ஒரு தம்பி இதே வெள்ளைப் படலத்தோடு ஒரு கவச வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, மூன்று முறை எச்சரித்தும் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன் அடித்ததாகச் சொன்னார். குளுமையான நேரம் நல்ல நேரம் என்று அவர் நினைத்திருக்கிறார்.

நம் ஊரில் காலை நேரம்தான் மிக மோசமான நேரம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். வெயில் ஏற ஏறக் குறைந்து, நண்பகலுக்குப் பிறகுதான் மிகக் கீழே இறங்கும். ஆனால் பிற்பகலில் இடிமழை வந்தால் மறுபடியும் ஏறிவிடும். ஆகவே பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரமே நமக்கு வாய்ப்பு. சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். முள் 70க்கு மேல் இருந்தால் நான் டின்னைக் கையில் எடுப்பதே இல்லை. ஏர்கோன் அறையில் இருக்கும் மாதிரியை இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, அது வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு அடியுங்கள். டின்னை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் நிறுத்தி வைக்கலாம். கொதிநீர் அறவே கூடாது, அழுத்தம் ஏறி டின் வெடிக்கும். ஒரே மூச்சில் நனைய அடிக்காமல், மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டு அடித்தால் பரப்பு அதிகம் குளிராது.

வெண்மை எல்லாம் ஈரத்தால் வந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. மேட் கிளியரின் மங்கலுக்குக் காரணமான சிலிக்கா போன்ற தூள் டின்னின் அடியில் படிந்திருக்கும். சரியாகக் குலுக்காமல் அடித்தால் அது மூலைகளிலும் போல்ட் ஓரங்களிலும் திட்டுத் திட்டாக வெளுக்கும். ஈரத்தால் வரும் வெண்மையோ மூடுபனிபோல் எங்கும் சீராகப் படரும். முதலாவதைத் தவிர்க்க, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு குறைந்தது இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். இரண்டாவது வந்துவிட்டால், கையை வைக்காதீர்கள். அன்றைக்கு வண்டியை அப்படியே விட்டுவிட்டு, வறண்ட ஒரு நண்பகலில் பளபளப்புக் கிளியரை மிக மெல்லியதாக ஒரு பூச்சு அடித்தால், பழைய படலம் சற்று இளகி, அடைபட்ட ஈரம் வெளியேறி, பல வேளைகளில் தெளிந்துவிடும். அந்தத் தம்பியின் வண்டி அப்படித்தான் பிழைத்தது, இருந்தாலும் பின்பக்கத்து ஏணியின் இடுக்கில் வெண்மை இன்னும் இருக்கிறது.

எல்லா விளிம்பிலும் வெள்ளி நிறம்

வேண்டாம்.

எந்த ஊர் மண் என்று தெரியாத சேறு

புட்டியில் விற்கும் மண்தூள்களில் பல ஐரோப்பியச் சேற்றை மனத்தில் வைத்து நிறம் சேர்த்தவை. அவற்றை வாங்கிப் பூசிவிட்டு, இது நம் தோட்டத்து வண்டி என்று சொல்வது பொருந்தவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டச் சடக்குகளில் இரும்பு ஆக்சைடு மிகுந்த செம்மண் கிடக்கிறது. கேரித் தீவில் கடற்களிமண் சாம்பல் ஓடி இருக்கும், தெலுக் இந்தான் பக்கத்துக் கரிமண் ஏறக்குறையக் கறுப்பு. வண்டி எங்கே ஓடியது என்று முடிவு செய்துகொண்டு, அந்த மண்ணையே ஒரு கைப்பிடி எடுத்துவந்து, பழைய சட்டியில் வறுத்து உலர்த்தி, அம்மியில் பொடித்து, தேத்தண்ணி வடிகட்டியில் சலித்து, பிறகு துணியிலும் ஒருமுறை சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காத மண்ணின் ஒரு மணல் துகள், 1/35 அளவில் உருண்டைக் கல்லாகத் தெரியும்.

உலர்ந்த செம்மண் வெளிறிய ஆரஞ்சாகவும், நனைந்தது கருஞ்சிவப்பாகவும் இருக்கும் என்பதால் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். சக்கரத்தின் பின்னால், மட்கார்டின் உட்புறத்தில் பழைய சேறு அடுக்கடுக்காக உலர்ந்திருக்கும். அதன்மேல் அன்றைய ஈரச்சேறு தெறித்திருக்கும். வண்டியின் முன்கண்ணாடியில் துடைப்பான் போன அரைவட்டம் மட்டும் சுத்தமாக இருக்கும். ஏறி இறங்கும் பக்கத்துப் படியில் செருப்பு பட்டு மண் தேய்ந்திருக்கும், மறுபக்கத்தில் அப்படியே இருக்கும். துரை அமரும் பக்கமும் ஓட்டுநர் அமரும் பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருக்காது என்று அப்பா சொன்னதை நான் எல்லா வண்டியிலும் பார்த்துச் செய்கிறேன்.

மண்தூளை மேட் கிளியருக்குப் பிறகே போட வேண்டும். தூளின்மேல் கிளியர் அடித்தால் அது நனைந்து நிறம் கறுத்து, பாதி காணாமல் போய்விடும். தூளைத் தூரிகையால் இட்ட பிறகு, வைட் ஸ்பிரிட் என்னும் கரைப்பானில் நனைத்த மெல்லிய தூரிகை நுனியை அதன் ஓரத்தில் தொட்டால், துளி தானே ஊறிப் பரவி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் காயவிட்டு, தளர்ந்து நிற்பதை ஊதிவிட்டு, அதன் பிறகு வண்டியைச் சக்கரத்தைப் பிடித்துத் தூக்காமல் அடித்தளத்தைப் பிடித்தே தூக்க வேண்டும்.